டி. எம். கிருஷ்ணாவின் ஆய்வுப் பணிகளும் ஊடகப் பங்களிப்பும்

டி. எம். கிருஷ்ணா (தொடூர் மாடபூசி கிருஷ்ணா, பிறப்பு: சனவரி 22, 1976, சென்னை) கருநாடக இசைப் பாடகரும் இசை ஆய்வாளரும் நூலாசிரியரும் ஆவார். மேடைப் பாடகராகப் பரவலாக அறியப்பட்டாலும், கருநாடக இசையின் வரலாறு, கச்சேரி முறைமை, அவ்விசைக்குள் சாதியின் இடம், இசைக்கருவி செய்வோரின் வாழ்வு ஆகியவற்றைப் பற்றி இவர் எழுதிய நூல்களும் கட்டுரைகளும் இசையுலகிற்கு வெளியிலும் விவாதிக்கப்பட்டவை. வடசென்னையின் எண்ணூர்க் கழிமுகத்தில் படமாக்கப்பட்டு 2017இல் வெளியான சென்னை புறம்போக்குப் பாடல், இவரது ஆய்வு நோக்கும் ஊடகப் பணியும் ஒன்றுசேர்ந்த நிகழ்வாகும். 2016இல் ரமோன் மக்சேசே விருதும், 2024ஆம் ஆண்டுக்கான சங்கீத கலாநிதி விருதும் பெற்றார். இக்கட்டுரை இவரது ஆய்வு, எழுத்து, பொதுவெளிப் பணிகளை மட்டும் விவரிக்கின்றது.

பின்னணி

கிருஷ்ணா, பாகவதுல சீதாராம சர்மாவிடம் இசை கற்கத் தொடங்கினார். பின்னர் செங்கல்பட்டு ரங்கநாதனிடமும் செம்மங்குடி சீனிவாச ஐயரிடமும் பயின்றார். பொருளியலில் பட்டம் பெற்றவர். பல்கலைக்கழகத் துறை எதையும் சாராமல், மேடையில் இருந்துகொண்டே ஆய்வுக்கு வந்தவர் என்பதால் இவரது எழுத்தில் அடிக்குறிப்புகளைவிடப் பாடகனின் அனுபவமே மிகுதி. இதனை ஆதரவாளர்கள் பலமாகவும், மாற்றுக்கருத்தினர் குறையாகவும் சுட்டுவர்.

தொடக்க கால முயற்சிகள்

இவரது முதல் நூல், பம்பாய் ஜெயசிறீ, மைதிலி சந்திரசேகர் ஆகியோருடன் இணைந்து எழுதிய வாய்சஸ் விதின் (2007) ஆகும். முந்தைய தலைமுறை இசைக் கலைஞர்களைப் பற்றிய படங்கள் நிறைந்த இந்நூலில், பின்னாளைய எழுத்தின் கூர்மை இல்லை. மரபின் மீதான மதிப்பே அதன் குரல். அடுத்த ஆண்டில், ஜெயேந்திரா இயக்கி பி. சி. சிறீராம் ஒளிப்பதிவு செய்த மார்கழி ராகம் என்னும் திரைப்படத்தில் பம்பாய் ஜெயசிறீயுடன் பாடினார். கதையின்றி ஒரு கச்சேரியை மட்டுமே திரையரங்கில் காட்டிய படம் என்ற வகையில் அது அரிதான முயற்சியாகும். மாணவர்களுக்கான சுவானுபவா இசைவிழாவும் 2008இல் தொடங்கியதே. கருநாடக இசையுடன் நாட்டார் கலைகளையும் மாணவர் முன் வைத்தது அவ்விழாவின் சிறப்பு.

இதே காலத்தில், வயலின் கலைஞர் ஆர். கே. சிறீராம்குமாருடன் இணைந்து, சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினியை ஆராயும் பணியிலும் ஈடுபட்டார். தெலுங்கில் அமைந்த அப்பெருநூல் முத்துசுவாமி தீட்சிதரின் உருப்படிகளைச் சுரக் குறிப்புகளுடனும் கமகக் குறியீடுகளுடனும் தருகின்றது. இன்று மேடையில் பாடப்படும் வடிவத்திற்கும் அந்நூலில் உள்ள வடிவத்திற்கும் பல இடங்களில் பெரிய வேறுபாடு உண்டு. நூலில் உள்ளவாறே பாடிப் பதிவு செய்வது இப்பணியின் நோக்கம். மரபு என்று நாம் கருதுவது எந்த ஆண்டின் மரபு என்ற கேள்வி இங்கிருந்தே கிருஷ்ணாவின் எழுத்திற்குள் வந்தது எனக் கருதலாம்.

எ சதர்ன் மியூசிக்

2013இல் வெளியான எ சதர்ன் மியூசிக்: த கர்னாடிக் ஸ்டோரி இவரது முதன்மையான ஆய்வு நூல். இதன் வாதங்கள் பல. கச்சேரி என்னும் இன்றைய வடிவம் தொன்மையானது அன்று, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சபாக்களின் தேவையை ஒட்டி உருவானது என்கிறார். அதே காலத்தில் நாகசுரக் கலைஞர்களும் தேவதாசி மரபினரும் விளிம்பிற்குத் தள்ளப்பட்டு, பிராமணச் சமூகத்தினர் பாடகர்களாகவும் கேட்பவர்களாகவும் நிர்வாகிகளாகவும் ஆயினர் என்கிறார். பாடல் வரியின் பொருளை விட, அதன் ஒலியும் இராகத்துடன் அது கொள்ளும் உறவுமே இக்கலையின் மையம் என்பதும், எனவே பக்தி அதன் இன்றியமையாத கூறு அன்று என்பதும் இவரது நிலைப்பாடு. கடைசிக் கருத்திற்கே எதிர்ப்பு மிகுதியாக எழுந்தது.

நூலில் சொன்னதை மேடையிலும் செய்து பார்த்தார். வர்ணத்தைத் தொடக்கத்தில் பாடாமல் நடுவில் பாடினார். ஆலாபனையுடன் நின்று, பாடலைப் பாடாமலே அடுத்த உருப்படிக்குச் சென்றார். பக்கவாத்தியக்காரர்களைப் பக்கத்தில் அன்றி, வட்டமாகத் தம்முடன் அமரச் செய்தார். 2015இல், சென்னை டிசம்பர் இசைவிழாவில் இனிப் பாடுவதில்லை என அறிவித்தார்.

அறிவிப்பிற்கு முன்பே, அவ்வாண்டின் தொடக்கத்தில், சூழலியல் செயற்பாட்டாளர் நித்தியானந்த் செயராமன் உள்ளிட்டோருடன் சேர்ந்து பெசன்ட் நகரின் ஊரூர் ஆல்காட்டு குப்பத்தில் ஒரு விழாவை நடத்தியிருந்தார். மீனவர் குடியிருப்பில் கருநாடக இசையும் பரதநாட்டியமும் பறையும் வில்லுப்பாட்டும் ஒரே மேடையில் நிகழ்ந்தன. குப்பத்து மக்களுக்குச் சாத்திரிய இசையைக் கொடையாகக் கொண்டு செல்லும் முயற்சி இது என்ற கண்டனம் உடனே எழுந்தது. நகரின் நடுத்தர வகுப்பினரைக் குப்பத்திற்குள் வரச் செய்வதும் நோக்கமே என்பது ஏற்பாட்டாளர்களின் விடை. இவ்விழா பின்னர் சென்னை கலைத் தெரு விழா எனப் பெயர் மாறியது.

எண்ணூரும் புறம்போக்குப் பாடலும்

சனவரி 2017இல் சென்னை புறம்போக்குப் பாடல் என்னும் நிகழ்படம் யூடியூபில் வெளியானது. பாடல் வரிகளைக் கபேர் வாசுகி எழுத, ஆர். கே. சிறீராம்குமார் இசையமைக்க, ரதீந்திரன் ஆர். பிரசாத் இயக்கினார். நித்தியானந்த் செயராமன் முன்னின்று உருவாக்கிய இப்பாடலை, எண்ணூர்க் கழிமுகத்தின் சாம்பல் படிந்த நிலத்திலும் நீரோரத்திலும் கிருஷ்ணா பாடினார். ஆனந்தபைரவி, பேகடா, தேவகாந்தாரி, சிந்துபைரவி உள்ளிட்ட இராகங்களில் இராகமாலிகையாக அமைந்தது. சொற்கள் சென்னையின் பேச்சுத் தமிழ். தெலுங்கும் சமற்கிருதமும் ஆளும் ஓர் இசைவடிவத்தில் தெருவின் தமிழ் அப்படியே ஏறியதுதான் கேட்டவர்களை முதலில் திகைக்க வைத்தது.

புறம்போக்கு என்பது வருவாய்த்துறைச் சொல். வரி விதிப்பிற்கு உட்படாமல், ஊரின் பொதுப் பயன்பாட்டிற்கென ஒதுக்கப்பட்ட நிலத்தை அது குறிக்கும். ஏரிப் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு, மயானப் புறம்போக்கு, வண்டிப்பாதைப் புறம்போக்கு எனப் பல வகை உண்டு. விற்கவோ வாங்கவோ இயலாதது, ஆகவே எல்லோருக்கும் உரியது என்பது இதன் அடிப்படை. காலப்போக்கில் யாருக்கும் உரியதன்று, எனவே எதற்கும் எடுத்துக்கொள்ளலாம் என்ற பொருள் வந்து சேர்ந்தது. சென்னைப் பேச்சு வழக்கில் ஒன்றுக்கும் உதவாத ஆளைத் திட்டும் வசைச்சொல்லாகவும் ஆயிற்று. இந்தப் பொருள் சரிவையே பாடல் தன் கருவாகக் கொள்கிறது. நீர்நிலையை வீணான நிலமாகக் கருதும் பழக்கமும், டிசம்பர் 2015 வெள்ளமும், எண்ணூர் மீனவரின் இழப்பும் அதில் ஒரே தொடராகச் சொல்லப்படுகின்றன.

எண்ணூர் தெரிவு செய்யப்பட்டதற்குக் காரணம் உண்டு. கொசத்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் கூடி, முகத்துவாரக் குப்பத்தின் அருகே வங்கக் கடலைச் சேரும் உப்பங்கழி இது. முகத்துவாரக் குப்பம், காட்டுக்குப்பம் முதலிய ஊர்களின் மீனவர்கள் இங்கே இறாலும் நண்டும் மடவையும் பிடித்து வாழ்ந்தவர்கள். இடுப்பளவு நீரில் இறங்கிக் கைகளால் தடவி இறால் பிடிப்போரும் உண்டு. கழியைச் சுற்றி அனல்மின் நிலையங்களும், 2001இல் செயற்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகமும் (இன்றைய காமராசர் துறைமுகம்), நிலக்கரிக் கிடங்குகளும் வந்தன. வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல், நீருடன் கலந்து குழாய்களில் சாம்பல் குளத்திற்குச் செல்லும். குழாய்களில் ஏற்பட்ட கசிவினால் அச்சாம்பல் ஆற்றிலும் கழியிலும் படிந்து ஆழம் குறைந்தது. ஆழம் குறைந்தால் படகும் செல்லாது, மீனும் தங்காது, மழைக்காலத்தில் வெள்ளமும் வடியாது. 1996ஆம் ஆண்டின் கடலோர மேலாண்மை வரைபடத்தில் காப்பிற்குரிய பகுதியாக இருந்த கழி, பின்னர் காட்டப்பட்ட வேறொரு வரைபடத்தில் இல்லாமற் போனதாகச் செயற்பாட்டாளர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழி பெற்ற ஆவணங்களைக் கொண்டு குற்றம் சாட்டினர்.

இப்பாடலுக்கு ஒரு முன்னோடி உண்டு. கொடைக்கானலில் யூனிலீவர் நிறுவனத்தின் வெப்பமானி ஆலை விட்டுச்சென்ற பாதரச மாசு பற்றி, சோபியா அசுரஃப் பாடிய கொடைக்கானல் வோன்ட் என்னும் நிகழ்படம் 2015இல் வெளியாகி உலகின் கவனத்தைப் பெற்றது. அதனை இயக்கியவரும் ரதீந்திரன் பிரசாத்தே. முந்தையது ராப் இசை, அதாவது எதிர்ப்பிற்கென ஏற்கனவே அறியப்பட்ட வடிவம். கருநாடக இசைக்கு அப்படியொரு பெயர் இல்லை. சபா இசைக்குரிய கேட்பவரிடம் அவரது இராகத்திலேயே வடசென்னைச் செய்தியைக் கொண்டுசெல்வது என்பதே இங்கு நிகழ்ந்த மாற்றம். 2018இல் வெளியான கொடைக்கானல் ஸ்டில் வோன்ட் என்னும் தொடர்ச்சியில் சோபியா அசுரஃபுடன் கிருஷ்ணாவும் பாடினார்.

வடசென்னைக்குக் கருநாடக இசை புதிது என்ற எண்ணத்தில் இந்த நிகழ்படத்தைப் பார்த்தவர் பலர். வரலாறு வேறு. மணலி முத்துகிருஷ்ண முதலியாரின் ஆதரவில் இராமசுவாமி தீட்சிதர் தம் குடும்பத்துடன் மணலியில் வாழ்ந்தார். அவருடைய மகன் முத்துசுவாமி தீட்சிதரின் இளமைக் காலம் அங்கே கழிந்தது. கோட்டையில் ஐரோப்பிய வாத்தியக் குழுவினர் வாசித்த மெட்டுகள் அவரது நோட்டுச்சுர சாகித்தியங்களுக்கு மூலமாயின. தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலின் கற்று அதனைக் கருநாடக இசைக்குள் கொண்டுவந்ததும் இக்காலத்ததே என்பது இசை மரபில் சொல்லப்படும் செய்தி. திருவொற்றியூர்த் திரிபுரசுந்தரி மீது தியாகராசர் ஐந்து கீர்த்தனைகள் இயற்றியுள்ளார். அவருடைய மாணாக்கர் வீணை குப்பையரின் மகன் திருவொற்றியூர்த் தியாகய்யர் என்றே அறியப்பட்டார். பெட்ரோலிய ஆலைகளுக்கும் உர ஆலைகளுக்கும் பெயர் பெறுவதற்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்கு முன் மணலி இசைக்குப் பெயர் பெற்றிருந்தது. கிருஷ்ணாவும் சிறீராம்குமாரும் ஆராய்ந்த பிரதர்சினியின் ஆசிரியர் இந்தத் தீட்சிதர் குடும்பத்தவர் என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது.

இப்பாடல் கிருஷ்ணாவின் ஆய்வு நிலைப்பாட்டுடன் முரண்படுவதையும் சொல்ல வேண்டும். வரியின் பொருள் இரண்டாம் நிலையது என்று நூலில் வாதிட்டவர், பொருள் விளங்காவிட்டால் பயனே இல்லாத ஒரு பாடலைப் பாடினார். கலை இசைக்கும் பிற நோக்கமுடைய இசைக்கும் இடையே நூலில் இவர் செய்யும் பிரிவினையைக் கொண்டு இம்முரணுக்கு விடை கூற முடியும். ஆனால் இதே பாடலை இவர் கச்சேரிகளிலும் பாடியதால் அந்தக் கோடு தெளிவாக இல்லை.

நிகழ்படம் வெளியான அதே மாதம் 28ஆம் நாள், எண்ணூர்த் துறைமுகத்திற்கு அருகே இரு கப்பல்கள் மோதியதில் எண்ணெய் கடலில் பரவியது. கரையில் ஒதுங்கிய எண்ணெயை வாளிகளால் அள்ளிய காட்சிகள் நாடெங்கும் ஒளிபரப்பாயின. அதனால் பாடலும் மீண்டும் பகிரப்பட்டது. பின்னர் 2022இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சாம்பல் மாசு வழக்கில் கழியைச் சீரமைக்க உத்தரவிட்டது. இதில் மீனவர்களும் செயற்பாட்டாளர்களும் பல ஆண்டுகள் நடத்திய வழக்குகளின் பங்கே பெரிது, பாடலின் பங்கு நகரின் பிற பகுதியினருக்குப் பெயரையும் இடத்தையும் அறிமுகம் செய்தது வரையிலேயே. டிசம்பர் 2023இல் மிக்சாம் புயல் வெள்ளத்தின்போது மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கழிக்குள் வந்து படகுகளையும் வலைகளையும் பாழாக்கியது. அதே மாத இறுதியில் எண்ணூர் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது.

செபாஸ்டியன் அண்டு சன்ஸ்

2020இல் வெளியான செபாஸ்டியன் அண்டு சன்ஸ் என்னும் நூல் மிருதங்கம் செய்வோரின் வரலாறு ஆகும். தஞ்சாவூரைச் சேர்ந்த செபாஸ்டியனின் வழித்தோன்றல்களையும் அவர்களைப் போன்ற பிற குடும்பங்களையும் சந்தித்து, சில ஆண்டுகள் களப்பணி செய்து எழுதப்பட்டது. இவர்களுள் பெரும்பாலோர் தலித் கிறித்தவர்கள். பலாமரக் கட்டை, எருமைத்தோல் வார், வலந்தலையில் பசுத்தோலும் ஆட்டுத்தோலும், அதன்மீது படிப்படியாகத் தேய்த்து ஏற்றப்படும் கருஞ்சாந்து என ஒவ்வொன்றிலும் செய்பவரின் காதும் கையும் தீர்மானிக்கும் நுட்பங்கள் உள்ளன. பாலக்காடு மணி ஐயரின் நாதத்தைப் புகழும் இசை நூல்கள், அவருக்காக மிருதங்கம் செய்த பர்லாந்தின் பெயரை ஓரிரு வரிகளில் கடந்துவிடும். இந்நூல் பர்லாந்தை இணை படைப்பாளியாகவே கருதுகிறது. பசுவைப் புனிதமாகக் கொள்ளும் கலைஞர்கள் பசுத்தோலில் வாசிப்பதையும், அந்தத் தோல் வந்த வழியைப் பேசாமல் இருப்பதையும் நூல் நேரடியாக எழுதுகின்றது.

நூல் வெளியீட்டு விழாவிற்குக் கலாசேத்திரா முதலில் இடம் அளிக்க இசைந்தது. நூலின் ஒரு பகுதி நாளிதழில் வந்ததும், அரசு நிறுவனம் என்ற வகையில் அரசியல், பண்பாட்டு, சமூகப் பூசலுக்கு இடம்தரும் நிகழ்வை நடத்த இயலாது என்று இசைவைத் திரும்பப் பெற்றது. பெப்ரவரி 2020இல் தரமணியில் உள்ள ஆசிய இதழியல் கல்லூரியில் நூல் வெளியிடப்பட்டது. நூல் தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டுள்ளது.

பிற ஆய்வுத் திட்டங்களுள், அசோகா பல்கலைக்கழகத்துடன் இணைந்து 2020இல் தொடங்கிய அசோகர் கல்வெட்டுத் திட்டம் குறிப்பிடத்தக்கது. பேரரசர் அசோகரின் பிராகிருதக் கல்வெட்டு வாசகங்களை இராகங்களில் அமைத்துப் பாடும் முயற்சி இது. பாடலுக்கென எழுதப்படாத உரைநடையை இசையாக்குவதில் உள்ள இடர்ப்பாடுகளே இதன் சுவை. எழுத்தாளர் பெருமாள்முருகன் இயற்றிய கீர்த்தனைகளையும், நாராயண குருவின் பாடல்களையும் பாடியுள்ளார். கருநாடக மாநிலத்தின் சோகப்பா எனப்படும் திருநர் இசைக்கலைஞர்களுடன் மேடையேறியுள்ளார். 2011 தொடங்கிப் போருக்குப் பிந்திய வட இலங்கைக்குப் பயணம் செய்து பாடினார். முப்பது ஆண்டுகளில் அங்குச் சென்ற முதல் கருநாடக இசைக்கலைஞர் என்று மக்சேசே விருதுக் குறிப்பு இதனைக் கூறுகின்றது.

ஊடகங்களில்

த இந்து, த கேரவன், ஸ்க்ரோல், த வயர் முதலிய இதழ்களிலும் இணையத்தளங்களிலும் தொடர்ந்து எழுதியுள்ளார். ரீசேப்பிங் ஆர்ட் (2018), த ஸ்பிரிட் ஆஃப் என்கொயரி (2021) ஆகியன இவ்வகை எழுத்தின் நீட்சி. தொலைக்காட்சி விவாதங்களிலும் இலக்கிய விழாக்களிலும் அடிக்கடி பங்கேற்பவர். பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதுவதால், இவர் யாரைப் பற்றி எழுதுகிறாரோ அவர்களுக்கு அவ்வெழுத்து மொழிபெயர்ப்பின் வழியாகவே எட்டுகின்றது.

ஆகத்து 2018இல், கிறித்தவப் பாடல்களைப் பாடவிருந்த கருநாடக இசைக்கலைஞர்களுக்கு மிரட்டல்கள் வந்தபோது, மாதந்தோறும் இயேசு அல்லது அல்லா மீதான ஒரு பாடலை வெளியிடப்போவதாக டுவிட்டரில் அறிவித்தார். அவ்வாண்டு நவம்பரில், இந்திய விமான நிலைய ஆணையமும் ஸ்பிக் மக்கேயும் தில்லியில் நடத்தவிருந்த நிகழ்ச்சி, இணையத்தில் எதிர்ப்புக் கிளம்பியதை அடுத்துத் தள்ளிவைக்கப்பட்டது. அப்போதைய தில்லி அரசு நவம்பர் 17 அன்று அவருக்கு வேறொரு மேடையை அமைத்துத் தந்தது. இணைய ஊடகங்களைக் கட்டுப்படுத்தும் 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளை எதிர்த்துச் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்கும் தொடர்ந்தார்.

விமர்சனங்களும் சங்கீத கலாநிதி சர்ச்சையும்

கிருஷ்ணா மீதான விமர்சனம் இரு திசைகளில் இருந்து வருகின்றது. பக்தியைப் பிரித்து இசையைப் பேசுவது மரபிற்குச் செய்யும் அவமதிப்பு என்பது ஒரு தரப்பு. சாதியால் கிடைத்த இடத்தில் நின்றே சாதியைப் பேசுகிறார், அதனால் கிடைக்கும் கவனமும் அவருக்கே சேர்கின்றது என்பது மறுதரப்பு. இரண்டாவதை அவரே பல முறை ஒப்புக்கொண்டு பேசியுள்ளார்.

மார்ச் 2024இல் சென்னை மியூசிக் அகாதமி இவருக்குச் சங்கீத கலாநிதி விருதை அறிவித்தது. இவர் பெரியாரைப் போற்றுவதைக் காரணம் காட்டி ரஞ்சனி, காயத்ரி சகோதரிகள் அவ்வாண்டு மாநாட்டிலிருந்து விலகினர். வேறு சிலரும் தத்தம் நிகழ்ச்சிகளைக் கைவிட்டனர். விருதுடன் சேர்த்து வழங்கப்படும், எம். எஸ். சுப்புலட்சுமி பெயரிலான பரிசை எதிர்த்து அவரது பேரன் வழக்குத் தொடர்ந்தார். சுப்புலட்சுமி பற்றிக் கிருஷ்ணா எழுதியவை அவரை இழிவுபடுத்துவன என்பது வழக்கின் வாதம். தேவதாசி மரபில் பிறந்த ஒரு பாடகி, பிராமணக் குடும்பப் பெண்ணின் உருவமாக எவ்வாறு மாற்றப்பட்டார் என்பதை ஆராய்ந்து இவர் 2015இல் கேரவன் இதழில் நீண்ட கட்டுரை எழுதியிருந்தார். ஓர் ஆய்வுக் கட்டுரை ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் நீதிமன்றத்தில் படிக்கப்படுவது இசையுலகில் அடிக்கடி நிகழ்வதன்று. சென்னை உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி, சுப்புலட்சுமியின் பெயரில் பரிசு வழங்கத் தடை விதித்தார். மேல்முறையீட்டில் அத்தடை நீங்கியது. டிசம்பர் 16, 2024 அன்று உச்ச நீதிமன்றம், கிருஷ்ணா அப்பெயரிலான பரிசைப் பெற்றவராகத் தம்மைக் காட்டிக்கொள்ளலாகாது என இடைக்கால ஆணை பிறப்பித்தது. சங்கீத கலாநிதி விருதை இந்த ஆணை கட்டுப்படுத்தவில்லை.

டிசம்பர் 25, 2024 அன்று, பல ஆண்டுகள் இடைவெளிக்குப் பின் கிருஷ்ணா மியூசிக் அகாதமி மேடையில் பாடினார். அரங்கு நிறைந்திருந்தது.